மாங்கா போடுகிற பையன் பிட்சர் ஆவானா? எப்படிக் கண்டுபிடிப்பது

தெருக் கிரிக்கெட்டில் ஒரு பையன் கையை மடக்கி எறிந்தால் நாலு பக்கமிருந்தும் "டேய் மாங்கா, மாங்கா" என்று கத்துவார்கள், நோ பால் கொடுப்பார்கள், அப்புறம் அவன் கையில் பந்தே தராமல் லாங் ஆனில் நிறுத்திவிடுவார்கள். எனக்கு வேண்டியது அந்தப் பையன்தான். தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு மைதானத்தில், லாரி போகிற சத்தத்துக்கும் காயப்போட்ட துணிக்கும் நடுவே, பல வருடமாகப் பையன்களுக்கு பேஸ்பால் சொல்லிக்கொடுக்கிறேன். கிரிக்கெட்டில் குற்றமாக இருக்கிற அந்த முழங்கை மடக்கல்தான் பேஸ்பால் பிட்சருக்குப் பிழைப்பே. "எங்க ஏரியால ஒரு பையன் சூப்பரா எறியறான், வந்து பாருங்க" என்று அடிக்கடி யாராவது கூப்பிடுகிறார்கள். போய்ப் பார்த்தால் பாதி நேரம் சூப்பர் இல்லை, மீதி நேரம் அவர்கள் காட்டிய பையனுக்குப் பக்கத்தில் நிற்கிறவன் சூப்பர். அதனால் நான் எப்படிப் பார்க்கிறேன் என்று எழுதிவிடுகிறேன். பள்ளிக்கூட பி.டி. மாஸ்டர்கள், ஏரியா டீம் நடத்துகிற அண்ணன்மார்கள் யாருக்காவது பயன்படும்.

ஆட்டமே தெரியாதவர்களுக்கு ரெண்டு வரி. பந்து எறிகிறவன்தான் பிட்சர். ஓடிவந்து போடுவது கிடையாது. மவுண்டு என்கிற 10 அங்குல மேட்டில் பதித்திருக்கிற ரப்பர் பட்டையில் ஒரு காலை வைத்துக்கொண்டு, 60 அடி 6 அங்குலம், அதாவது 18.44 மீட்டர் தள்ளி, அடிப்பவனுக்குப் பக்கத்தில் தரையில் பதித்திருக்கிற பிளேட்டுக்கு மேலாக, தரையில் குத்தாமல் எறிய வேண்டும். சின்னப் பையன்களுக்குத் தூரம் குறைவு. பிளேட்டின் அகலம் 17 அங்குலம், நம் மூன்று ஸ்டம்பும் சேர்த்தே 9 அங்குலம்தான், அதனால் "இது ஈஸிண்ணா" என்று சொல்லிக்கொண்டேதான் எல்லாப் பையனும் ஆரம்பிக்கிறான். அடிப்பவனின் முழங்காலுக்குக் கீழேயும் போகக்கூடாது, நெஞ்சுக்கு மேலேயும் போகக்கூடாது என்று சொன்னதும் முகம் மாறும்.

முதலில், எங்கே தேடுவது. ஏரியாவின் வேகமான பௌலரிடம் போகாதீர்கள். அவன் வேகத்தில் பாதி ஓட்டத்திலிருந்து வருகிறது, கை நீட்டிப் போட்டுப் பழகியவன், ரப்பரில் நிற்கவைத்தால் தவிப்பான். பௌண்டரியில் நின்று நேராகக் கீப்பர் கைக்கு எறிகிறவனைப் பாருங்கள். வியாசர்பாடியைக் குட்டி பிரேசில் என்கிறோம், அங்கே ஃபுட்பால் ஆடுகிறவர்களில் பந்தைக் கையாலேயே பாதி மைதானத்துக்கு வீசுகிற கோல் கீப்பர் இருப்பான், அவனைக் கூப்பிடுங்கள். ஈட்டி எறிகிறவன் கிடைத்தால் விடவே விடாதீர்கள். 2008இல் இந்தியாவில் நடந்த, பேஸ்பாலை வேகமாக எறிகிற ஒரு போட்டியில் உத்தரப் பிரதேசத்து ரிங்கு சிங் மணிக்கு 87 மைல், நம் கணக்கில் 140 கிலோமீட்டர், எறிந்து ஒரு லட்சம் டாலர் பரிசு வாங்கினார். அதற்கு முன் அவருக்கு பேஸ்பால் என்றால் என்னவென்றே தெரியாது, ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர். அதே வருடம் அவரையும் தினேஷ் படேலையும் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் டீம் ஒப்பந்தம் செய்தது. அங்கே பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக் வரை இருவருமே போகவில்லை, ஆனால் முதல் நாளில் வேகம் எங்கிருந்து வந்தது என்பதுதான் நமக்குப் பாடம்.

சரி, பையன் வந்துவிட்டான். உடனே "எறிடா பார்க்கலாம்" என்று சொல்லாதீர்கள். இன்னொரு பையனோடு பத்து மீட்டர் தூரத்தில் சும்மா பந்து போட்டு விளையாடச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவது மாதிரி நகர்ந்துவிடுங்கள். யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கும்போது கை எப்படிச் சுற்றுகிறது என்பதுதான் அவனுடைய சொந்த எறி. நாம் எதிரில் நின்றால் கழுத்து நரம்பு புடைக்க எறிவான், அதில் ஒன்றும் தெரியாது.

அப்புறம் வேகம். வேகத்தை அளக்க வேண்டும்தான், ஆனால் கிளவுஸில் விழுகிற 'டப்' சத்தத்தை வைத்து அளக்காதீர்கள், நல்ல கிளவுஸும், பிளேட்டுக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கிற விவரமான கேட்சரும் இருந்தால் நான் எறிந்தால்கூட அந்தச் சத்தம் வரும். ரேடார் கன் நம்மிடம் இல்லை. போனில் ஸ்லோ மோஷன் இருக்கிறதே, அது போதும். நொடிக்கு 240 ஃபிரேம் வைத்துப் பக்கவாட்டிலிருந்து எடுங்கள், பந்து கையை விட்ட ஃபிரேமிலிருந்து கிளவுஸைத் தொட்ட ஃபிரேம் வரை எண்ணுங்கள். இடைப்பட்ட தூரத்தை மீட்டரில் எடுத்து 240ஆல் பெருக்கி, ஃபிரேம் எண்ணிக்கையால் வகுத்து, 3.6ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். 16 மீட்டரை 138 ஃபிரேமில் கடந்தால் கிட்டத்தட்ட 100. இது சராசரி வேகம், கையை விடுகிற நொடியில் இதைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கும். ஒரு பையனை இன்னொருவனோடு ஒப்பிட இந்தக் கணக்கு தாராளம். அமெரிக்காவின் மேஜர் லீக்கில் வேகப்பந்தின் சராசரியே 150 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது, அதை நினைத்து மனசு விடவேண்டாம், நாம் இங்கே பதினாலு வயதுப் பையனைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அந்தப் பதினாலு வயதுதான் சிக்கலே. ஒருவனுக்கு மீசை வந்து, தோள் விரிந்து, குரல் உடைந்திருக்கும். பக்கத்தில் நிற்கிறவன் ஆறாம் வகுப்பு மாதிரி இருப்பான். ரெண்டு பேருக்கும் ஒரே வயது. மீசைக்காரன் 105 எறிகிறான், பொடியன் 95 எறிகிறான் என்றால் நான் பொடியனுடைய பேரைத்தான் நோட்டில் முதலில் எழுதுவேன், ஏனென்றால் மீசைக்காரனுக்கு வரவேண்டிய வளர்ச்சி ஏறக்குறைய வந்து முடிந்துவிட்டது, இவனுக்கு இன்னும் தொடங்கவே இல்லை. பிறந்த தேதியைக் கேளுங்கள், வருடம் மட்டும் போதாது, மாதமும் வேண்டும். செருப்பு சைஸ் கேளுங்கள். உடம்பு சின்னதாக இருந்து காலும் கையும் மட்டும் பெரிதாக இருந்தால் சந்தோஷப்படுங்கள். முடிந்தால் வீட்டுக்கே போய் அப்பாவையும் அண்ணனையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள், கதவு நிலையில் குனிந்து வருகிற அண்ணன் இருந்தால் ரெண்டு அங்குலம் எக்ஸ்ட்ரா என்று எழுதிக்கொள்ளலாம். காசிமேட்டுப் பையன்களை ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை பாருங்கள், மீன்பிடித் தடைக்காலம், அப்பாவோடு துறைமுகத்துக்குப் போய் வலை இழுக்கிற வேலை இருக்காது, அந்த முதுகும் விரல் பிடியும் வேலைக் களைப்பு இல்லாமல் எப்படி எறிகிறது என்று தெரியும்.

காசிமேடு என்றதும் ஒரு கதை. பனாமாவில் புவேர்ட்டோ கைமிட்டோ என்று ஒரு மீனவர் ஊர். அங்கே மீன்பிடிப் படகின் கேப்டனாக இருந்தவரின் மகன் மரியானோ ரிவேரா, உள்ளூர் டீமில் ஷார்ட் ஸ்டாப் என்கிற ஃபீல்டராக ஆடினார். 1988இல் ஹெர்ப் ரேபோர்ன் என்கிற ஸ்கவுட், அதாவது ஆள் தேடுகிறவர், பார்த்துவிட்டு, ஷார்ட் ஸ்டாப்பாக இவர் தேறமாட்டார் என்று போய்விட்டார். பிறகு ஒரு மேட்சில் டீமின் பிட்சர் சொதப்பியதால் இவரை எறியவைத்தார்கள், 1990இல் அதே ரேபோர்ன், இப்போது நியூயார்க் யாங்கீஸ் டீமுக்காக, திரும்பி வந்து பார்த்தார். அப்போதும் ரிவேராவின் பந்து மணிக்கு 90 மைலைத் தொடவில்லை. ஆனால் கை சுற்றுவதில் முயற்சியே தெரியவில்லை, பந்து நினைத்த இடத்துக்குப் போனது. ஒப்பந்தம் போட்டார்கள். ரிவேரா 652 சேவ், அதாவது கடைசியில் வந்து எறிந்து டீமின் வெற்றியைக் காப்பாற்றுவது, எடுத்தார், 2019இல் ஒரு ஓட்டுகூட எதிராக விழாமல் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போன முதல் மனிதர் ஆனார். ஒரு தடவை வேண்டாம் என்று சொன்னவனை ரெண்டு வருடம் கழித்துத் திரும்பிப் போய்ப் பார்த்தாரே, அந்த மனிதருக்கும் ஒரு சிலை வைக்கலாம் என்பது என் கட்சி.

முயற்சி தெரியாத கை என்றேன். அதை எப்படிப் பார்ப்பது? நான் இதற்குத்தான் அதிக நேரம் செலவு பண்ணுகிறேன். வீடியோவை ஓடவிடுங்கள், முன்கால் தரையில் பதிகிற ஃபிரேமில் நிறுத்துங்கள். வலது கைக்காரன் என்றால் இடது கால். அந்த நொடியில் மூன்று விஷயம். ஒன்று, பந்து வைத்திருக்கிற கை ஏற்கெனவே மேலே வந்துவிட்டதா, முழங்கை தோள் உயரத்துக்கு வந்ததா. கால் பதிந்தும் கை இன்னும் இடுப்பருகே தொங்கிக்கொண்டிருந்தால், மீதித் தூரத்தை அது அவசரமாக ஓடிப் பிடிக்கவேண்டும், அந்த அவசரத்தின் விலையை முழங்கை கொடுக்கும். ரெண்டு, இடுப்பு திரும்பத் தொடங்கியும் தோள் இன்னும் திரும்பாமல் பின்னால் நிற்கிறதா. ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி உடம்பு முறுக்கிக்கொள்ள வேண்டும், அந்த முறுக்கு அவிழ்வதுதான் வேகம். இடுப்பும் தோளும் கதவு மாதிரி ஒன்றாகத் திரும்பினால் அவன் கையை மட்டும் வைத்து எறிகிறான். மூன்று, கால் எவ்வளவு தூரம் போய் விழுகிறது. அவன் உயரத்தில் முக்கால் பங்குக்கு மேல் எட்டிப் போட்டால் நல்லது. நம் பையன்கள் பெரும்பாலும் சாக்கடையைத் தாண்டுகிற மாதிரி சின்னதாக ஒரு எட்டு வைப்பார்கள், அது சொல்லிக்கொடுத்தால் சரியாகிவிடும், அதற்காக மார்க் குறைக்காதீர்கள். கை தாமதமாக வருவதைத் திருத்துவதுதான் கஷ்டம்.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்த சோதனைக்கு ஒரு தென்னந்துடைப்பம் போதும். கால் விழுகிற இடத்து மண்ணைச் சுத்தமாகப் பெருக்கிவிடுங்கள், தண்ணீர் லேசாகத் தெளித்தால் இன்னும் நல்லது. பத்து பந்து எறியச் சொல்லுங்கள். பிறகு போய்ப் பார்த்தால், ஒரே குழியில் பத்து தடமும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருக்கும், அல்லது கோழி கிளறின மாதிரி அங்கங்கே இருக்கும். முதல் ரகப் பையனின் பந்து இன்று பிளேட்டைத் தவறினாலும் எனக்குக் கவலை இல்லை, ஒரு சின்னத் திருத்தத்தில் பத்தும் சேர்ந்து திரும்பும். ரெண்டாவது ரகத்தில் இன்று எட்டு பந்து சரியாக விழுந்தாலும் அது அதிர்ஷ்டத்தில் விழுந்தது.

இலக்குக்கு ரெண்டு கம்பு நட்டு, 17 அங்குல அகலத்தில் கயிறு கட்டி, முழங்காலிலிருந்து நெஞ்சு வரை ஒரு ஜன்னல் மாதிரி செய்துகொள்ளுங்கள். இருபது பந்து எறியட்டும், எத்தனை உள்ளே போனது என்று குறியுங்கள். அப்புறம் யாரையாவது கையில் மட்டையோடு பக்கத்தில் நிற்கவையுங்கள், அடிக்க வேண்டாம், நின்றால் போதும். மறுபடி இருபது. ஆள் நின்றதும் எண்ணிக்கை பாதியாகிவிடுகிற பையன்கள் ஏராளம். மேலே பட்டுவிடுமோ என்ற பயம், அது நல்ல மனசுதான், பழகப் பழகப் போய்விடும்.

ஆனால் உண்மையான பரீட்சை முப்பதாவது பந்துக்கு மேல்தான் ஆரம்பிக்கிறது. முதல் பத்தில் எல்லோரும் அழகு. களைப்பு வரும்போது முழங்கை கீழே இறங்குகிறதா, தலை ஒரு பக்கமாகச் சாய்கிறதா, பந்து மேலே மேலே போகிறதா என்று பாருங்கள். பார்த்துவிட்டு, நிறுத்திவிடுங்கள். எவ்வளவு தாங்குவான் என்று தெரிந்துகொள்கிற ஆசையில் இன்னும் பத்து, இன்னும் பத்து என்று போகக்கூடாது.

அந்த ஆசையில் நான் போயிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால் எண்ணூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான், பதினாலு வயது, உயரம், நான் இந்த மைதானத்தில் பார்த்ததிலேயே நல்ல வேகம். சனிக்கிழமை எறியவிட்டேன், ஞாயிறும் எறியவிட்டேன், வருகிறவர்களிடமெல்லாம் காட்டினேன். அவன் ஞாயிறு மத்தியானம் டென்னிஸ் பந்து டோர்னமென்டில் பௌண்டரியில் நின்று எறிந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது, நானும் கேட்கவில்லை. முழங்கையின் உள்பக்கம் வலி. ரெண்டு மாதம் சொல்லாமல் மறைத்தான். கை முழுசாக நீட்ட வராததைப் பார்த்துத்தான் பிடித்தேன். எலும்பு வளர்கிற இடத்தில் பிரச்சினை, மூன்று மாதம் பந்தைத் தொடக்கூடாது என்றார் டாக்டர். மூன்று மாதம் கழித்து அவன் வரவில்லை.

வளரும் பையன்களின் முழங்கையில் எலும்பு இன்னும் முழுசாகச் சேர்ந்திருக்காது, தசைநாரைவிட அந்தக் குருத்து இடம்தான் பலவீனம், அது முதலில் விட்டுக்கொடுக்கும். இதற்கென்றே மேஜர் லீக்கும் அமெரிக்க பேஸ்பால் அமைப்பும் சேர்ந்து 2014இல் பிட்ச் ஸ்மார்ட் என்று ஒரு அளவு வகுத்தார்கள். ஒரு நாளைக்கு 11, 12 வயதுக்கு 85 பந்து, 13இலிருந்து 16 வரை 95, அதற்கு மேல் தாண்டக்கூடாது. 14 வயது வரை உள்ளவன் 66 பந்தோ அதற்கு மேலோ எறிந்தால் நாலு நாள் ஓய்வு. அது ஆட்டத்துக்கான உச்சவரம்பு, பயிற்சியில் நான் பாதிகூடப் போகமாட்டேன். கை களைத்த பிறகும் வழக்கமாக எறிந்துகொண்டே இருந்த பையன்கள் அறுவை சிகிச்சைக்குப் போகிற வாய்ப்பு 36 மடங்கு என்று ஒரு அமெரிக்க ஆய்வு சொன்னது, அந்த எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். நம் ஊரில் கூடுதலாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஏரியா மேட்ச், பள்ளிக்கூட மேட்ச், தெருவில் மாங்கா, எல்லாமே கணக்கில் வரும். கை ஒன்றுதானே.

டாமி ஜான் ஆபரேஷன் இருக்கிறதே, பண்ணிக்கொண்டால் முன்னைவிட வேகமாக எறியலாமாமே என்று ஒரு பையன் என்னிடம் கேட்டான், யூடியூப் புண்ணியம். 1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் டாமி ஜான் என்கிற பிட்சரின் முழங்கையில் முதலில் அதைச் செய்தார், டாமி ஜான் திரும்பி வந்து, தன் 288 வெற்றிகளில் 164ஐ அதற்குப் பிறகுதான் எடுத்தார், உண்மைதான். ஆனால் அவருக்கு அது அறுந்து போன தசைநாருக்குச் செய்த ரிப்பேர். நல்லா ஓடுகிற வண்டியை யாராவது எஞ்சின் பிரிக்கக் கொடுப்பார்களா?

வேகப்பந்துக்கு அடுத்த ரெண்டாவது ரகப் பந்து விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். கர்வ், அதாவது வளைந்து விழுகிற பந்து, எறியச் சொல்லிப் பார்க்காதீர்கள், இந்த வயதில் அதில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை, யூடியூப் பார்த்து அவனே எறிந்துகாட்டினாலும் பாராட்டாதீர்கள். சேஞ்ச்அப் கொடுங்கள். வேகப்பந்து மாதிரியே கையைச் சுழற்றி, பிடியை மட்டும் மாற்றி, பந்தை மெதுவாக வரவைப்பது. ஒரு சனிக்கிழமை பிடியைக் காட்டிவிட்டு ஒன்றும் சொல்லாமல் விடுங்கள். அடுத்த சனிக்கிழமை பந்து எப்படிப் போகிறது என்பதைவிட, அவன் வாரம் பூராவும் அதை முயற்சி பண்ணினானா என்று பாருங்கள், கேள்வியோடு வருகிறானா என்று பாருங்கள். "அண்ணா, கட்டை விரல் கீழ இருந்தா நழுவுது, பக்கத்துல வெச்சா வருது, எது கரெக்ட்?" என்று ஒருவன் கேட்டான். அவன் வேகத்தை நான் அளந்ததே அதற்கப்புறம்தான்.

இன்னொன்று, இது கொஞ்சம் அல்பத்தனம்தான், செய்கிறேன். அம்பயர் மாதிரி நின்றுகொண்டு, ஜன்னலுக்குள் சுத்தமாக விழுந்த பந்து, அதாவது ஸ்ட்ரைக், மூன்றை வேண்டுமென்றே "பால்", வெளியே போனது என்று சொல்வேன். முறைக்கிறவன் முறைக்கட்டும், எங்கள் ஏரியாவில் முறைக்காதவன் யார், அதில் தப்பில்லை. நாலாவது பந்தைக் கோபத்தில் இன்னும் வேகமாக எறியப்போய் கேட்சர் தலைக்கு மேலே விடுகிறானா, இல்லை அதே இடத்தில் அதே மாதிரி போடுகிறானா என்பதுதான் எனக்கு வேண்டும்.

நோட்டில் எழுதும்போது அமெரிக்க ஸ்கவுட்கள் 20இலிருந்து 80 வரை மார்க் போடுவார்கள், 50 என்றால் மேஜர் லீக் சராசரி. அதை அப்படியே இங்கே போட்டால் என்னையும் சேர்த்து எல்லோருக்கும் 20தான். ஆனால் ஒரு பழக்கத்தை அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்: ஒவ்வொன்றுக்கும் ரெண்டு மார்க், இன்றைக்கு எவ்வளவு, வளர்ந்தபின் எவ்வளவு. தேதி போட்டு எழுதுங்கள், ஆறு மாதம் கழித்துப் பழைய பக்கத்தைப் பார்க்காமல் திரும்ப எழுதுங்கள், பிறகு ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் நாலு தடவை பார்க்காமல் யாரைப் பற்றியும் முடிவு சொல்வதில்லை, அதில் ஒரு தடவையாவது வெயிலில். கோடி கோடியாகக் கொட்டிப் பார்க்கிறவர்களே தவறுகிறார்கள். 1991இல் மேஜர் லீக் டீம்கள் புது ஆட்களைச் சுற்றுச் சுற்றாக எடுக்கிற டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட பிரையன் டெய்லர் ஒரு கைகலப்பில் தோளைக் கெடுத்துக்கொண்டு மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட எறியவில்லை. 2010இல் ஒன்பதாவது சுற்று வரை யாரும் எடுக்காமல் விட்ட ஜேக்கப் டிகிராம், அதற்கு முன் பெரும்பாலும் ஷார்ட் ஸ்டாப்பாக ஆடியவர், 2018லும் 2019லும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார்.

கடைசியாக வீட்டில் பேச வேண்டியது. ஸ்காலர்ஷிப், வேலை, அமெரிக்கா என்று எதையும் வாயால் சொல்லிவிடாதீர்கள். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன், கை வலிக்கிறது என்றால் எனக்கு ஒரு போன் பண்ணுங்கள் என்று. கொருக்குப்பேட்டையில் ஒரு அம்மா சிரித்துவிட்டார். "வலிக்குதுன்னு இவன் எங்க தம்பி சொல்லப் போறான், குளிக்கும்போது இடது கையால மொண்டு ஊத்தினான்னா எனக்கே தெரிஞ்சிடும், நான் சொல்றேன்" என்றார். அன்றிலிருந்து பயிற்சி முடிந்து டீக்கடையில் நிற்கும்போது, பையன்கள் எந்தக் கையால் கிளாஸை எடுக்கிறார்கள் என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.